சிங்கப்பூர் நாலு மணி நேரம்தானே?

கொஞ்சம் நீளமான பதிவு.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மா விடியற்காலையில் தவறிப்போனார். ஒரே மகள், என்னிடம் படித்தவள், சிங்கப்பூரில் வேலை. "மூணு மணிக்கு எடுத்துடலாம், நாலு மணி நேரத்துல வந்துடப் போறா" என்றார்கள் பெரியவர்கள். நான் ஒரு தாள் கேட்டு வாங்கி, கணக்குப் போட்டுக் காட்டினேன்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் ஏறி இறங்குவதையும் சேர்த்து நாலு, நாலேகால் மணி நேரம். அது உண்மைதான். ஆனால் அவளுக்குச் செய்தி போனது நம் மணிக்கு ஐந்தரை. அங்கே எட்டு. டிக்கெட் கிடைத்து, விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய், அவர்கள் மணிக்கு ஒன்றுக்குப் புறப்பட்டால் இங்கே இறங்க நம் மணிக்குப் பிற்பகல் இரண்டே முக்கால். பாஸ்போர்ட் வரிசை, மீனம்பாக்கம், அண்ணா சாலை, பாரிமுனை எல்லாம் தாண்டி நம் தெருவுக்கு வர ஐந்தாகிவிடும். மூலக்கொத்தளத்துக்குச் சொல்லி நேரத்தை மாற்றினார்கள்.

இந்த இரண்டரை மணி வித்தியாசம் பலரைக் குழப்புகிறது. டிக்கெட்டில் பார்த்தால் போகும்போது ஏழு மணி நேரம் போலவும், வரும்போது ஒன்றே முக்கால் போலவும் தெரியும். சூரியக் கணக்குப்படி வித்தியாசம் அவ்வளவு இல்லை. சிங்கப்பூர் 104 டிகிரிக்குப் பக்கத்தில், நம் கடிகாரம் 82½ டிகிரியில். டிகிரிக்கு நாலு நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட வராது. அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். கடைசியாக 1982-இல் அரை மணி. அங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். (வகுப்பு எடுக்கிற பழக்கம் போகவில்லை, மன்னிக்கவும்.)

எங்கள் சித்தப்பா ரஜூலா கப்பலில் போனவர். நம் துறைமுகத்தில் ஏறினால் நாகப்பட்டினம், பினாங்கு வழியாக ஏறக்குறைய ஒரு வாரம். தாத்தா இறந்தபோது தந்தி கொடுத்தோம். அவர் எப்போது வருவார் என்று யாரும் கேட்கவே இல்லை. அன்று மாலையே எடுத்தாயிற்று. அவருடைய கடிதம் பதினாறாம் நாள் முடிந்து வந்தது. பாட்டி அதைப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாள். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது கடலில் தீப்பிடித்து, பலர் இறந்து, பயணிகள் கப்பலே நின்றுபோனது.

அன்று வர முடியாதவனை ஒருவரும் குறை சொல்லவில்லை. இன்று ஒரு மணி நேரம் தாமதித்தால், "அவளுக்கு மனசு இல்லை" என்கிறார்கள். அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. கைப்பை மட்டும் இருந்தால் டாக்ஸி தேடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் மெட்ரோ, மாறாமல் தண்டையார்பேட்டைக்கே வருகிறது, சுமார் ஒரு மணி நேரம். ஏறியதும் எனக்கு போன் போடுங்கள். ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு யாரையாவது நிற்க வைக்கிறேன்.