ஐந்தேகால் இலட்சத்தில் ஒருவர்

சனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2024 டிசெம்பரில் புதுடில்லிக்கும், 2025 சனவரியில் பீஜிங்குக்கும் சென்று மீண்டார். பரந்தனில் எமது பாடசாலையின் ஆசிரியர் அறை அவ்வேளை இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்றது. "இரண்டு வல்லரசுகளுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றுவிட்டார்" என்றது ஒரு முகாம். "1987ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தத்தை எதிர்த்த கட்சி, இன்று டில்லியிலும் வணங்குகிறது, பீஜிங்கிலும் வணங்குகிறது" என்றது மறுமுகாம். முன்னவர் அவருக்கு வாக்களித்தோர், பின்னவர் அளிக்காதோர். இரு தலைநகரங்களிலும் வெளியிடப்பட்ட கூட்டறிக்கைகளை முழுதாக வாசித்தவர் எவரும் அவ்வறையில் இருக்கவில்லை. நாமும் வாசித்திருக்கவில்லை, ஆயினும் உரத்துப் பேசியோரில் நாமும் ஒருவரானோம்.

மணி அடித்தது. வரலாற்று ஆசிரியர் அன்று விடுமுறை. தமிழ் படிப்பிக்கும் நாமே பதினோராம் தரத்தின் அப்பாடவேளையைப் பொறுப்பேற்றோம். மீட்டற் பாடம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் டில்லியில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் எண்களைக் கரும்பலகையில் எழுதினோம். நாடற்றோர் 9,75,000. இந்தியா ஏற்பது 5,25,000. இலங்கை ஏற்பது 3,00,000. பின்னர் தீர்மானிப்பதற்கு 1,50,000.

கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், எங்கட அப்பாயி இதில எந்தக் கணக்கு?"

வகுப்பு சிரித்தது. 'அப்பாயி' என்ற சொல்லுக்கே அச்சிரிப்பு. அப்பம்மா என்று சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு அது மலைநாட்டுச் சொல். அவள் முகம் சிவந்தது; ஆயினும் அமரவில்லை. அப்பாயியின் தமையன் குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் போயிற்றாம். அப்பாயி கணவனோடு தோட்டத்திலேயே தங்கினாராம். 1977 கலவரத்தில் லயமும் உடைமையும் இழந்து வன்னிக்கு வந்தாராம். தமையனின் கடிதங்கள் சில ஆண்டுகளில் நின்றுபோயினவாம்.

அவளுக்கு என்ன விடை கூறுவது? ஒப்பந்தத்தின் நன்மை தீமைகளைத் தனித்தனியே நிரற்படுத்தி எழுத நாம் கற்பித்திருக்கிறோம். அவளுடைய வினாவோ அந்த இரு நிரல்களிலும் அடங்காதது.

எண்ணிப் பார்க்குங்கால், அந்நாளையக் கட்சிகளின் கதையும் எமது ஆசிரியர் அறையின் கதைதான். 1948இல் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டத்தை வன்மையாக எதிர்த்தோர் இடதுசாரிகள். 1964இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ அம்மையாரின் மந்திரிசபையில் அமர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறிற்று. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் 1967இல் அதே ஒப்பந்தத்தைச் செயற்படுத்தச் சட்டம் கொணர்ந்தபோது, ஒப்பந்தத்தைச் செய்த சுதந்திரக் கட்சியே இடதுசாரிகளோடு சேர்ந்து அதனை எதிர்த்தது. இந்தியக் குடியுரிமை பெற்றோர் நாட்டைவிட்டு வெளியேறுமுன்னரே இங்குள்ளோருக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிடும் என்பதே அவர்களின் குறை. மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் 1971இல் அதனைத் திருத்தினர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை, 1974இல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் எழுபத்தையாயிரமாகச் சரிபாதி பிரித்துக்கொண்டனர்.

ஆக, டில்லியிற் செய்தது சரியா, பிழையா என்பதைச் செய்தவரின் கட்சி நிறமே தீர்மானித்தது. "வெற்றி" என்றோரும் "சரணாகதி" என்றோரும் தத்தம் கொடியைப் பார்த்தே பேசினர். தோட்டத்திலே கொழுந்து கொய்துகொண்டிருந்தவளிடம், "அம்மா, நீ எங்கு வாழ விரும்புகிறாய்?" என்று கையெழுத்துக்கு முன் கேட்டவர் எவருமிலர். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய புகைவண்டிக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி வெளிவந்த விமர்சனங்களுள் எமக்குத் தெரிந்தவரை மிக நேர்மையானது அந்தப் பெயரே. 1984இல் கப்பல் நின்றது. நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் வந்தது 2003இல். கையெழுத்திட்டு முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின்.

கொழும்பையும் டில்லியையும் மட்டும் குற்றஞ்சாட்டி எழுந்துவிட எமக்கு உரிமையில்லை. அகதியாய் வந்தோரின் உழைப்பால் எமது வயல்கள் விளைந்தன. அவர்களை 'தோட்டக்காட்டார்' என்றழைத்த வாய்களும் எமதே. காணி உறுதியின்றி இன்றும் பிறர் நிலத்திலே குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எமது வகுப்பிலேயே உளர். வகுப்பிலே எழுந்த சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று நாம் தேடவேண்டியதில்லை. அது எமது வீடுகளிலிருந்து வந்தது.

அன்று அம்மாணவியிடம் உண்மையையே கூறினோம்: "பிள்ளை, கணக்குப் போட்டவர்கள் உன் அப்பாயியைக் கேட்கவில்லை. நீ கேட்டு எழுதி வா." மறுவாரம் நான்கு பக்கங்கள் எழுதி வந்தாள். அதனை வகுப்பில் உரத்து வாசித்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆசிரியர் அறையில் விவாதம் இன்னமும் ஓயவில்லை. தலைவர்கள் பயணம் போகும்வரை அது ஓயாது. நாமும் அதிற் கலந்துகொள்கிறோம். ஆயினும், "எங்கள் ஆள் எப்படி நின்றார்?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். "அங்கே யாருடைய வாழ்வு கணக்கிடப்பட்டது? அவர்களைக் கேட்டார்களா?" என்று கேட்கிறோம். அந்த வினா எழுந்ததும் இரண்டு முகாம்களும் சற்றே மௌனமாகின்றன. பின்னர் யாரோ ஒருவர், "அந்த அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம்" என்கிறார்.