300 கிலோமீட்டர் வாய்ச்சண்டை

முன் சீட்டில் மஞ்சள் நிற 'எம்' பொறித்த நீலத் தொப்பி. பின் சீட்டில் சிவப்பும் சாம்பலும் கலந்த ஸ்வெட்டர். தொப்பிக்காரர் என் கல்லூரித் தோழர். ஸ்வெட்டர்காரி அவருடைய மகள். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஆன் ஆர்பரிலிருந்து ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்கு விடியும் முன்பே கிளம்பியிருந்தோம்.

அப்பா படித்தது மிச்சிகன் பல்கலைக்கழகம். மகள் படிப்பது ஒஹாயோ ஸ்டேட். இரண்டுக்கும் ஆகவே ஆகாது. 1897ல் தொடங்கிய பகை. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மகளைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பகல் 12 மணிக்கு அங்கே இரு அணிகளும் மோதுகின்றன. மாணவர் டிக்கெட் அவள் கையில் இருந்தது. எங்கள் இருவரிடமும் டிக்கெட் இல்லை, வாய் மட்டும் இருந்தது.

கால்பந்து என்று பெயரே தவிர, காலுக்கு எப்போதாவதுதான் வேலை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறார்கள், எறிகிறார்கள், குறுக்கே வருபவரை மோதிச் சாய்க்கிறார்கள். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனால் பார்க்க வரும் கூட்டம் கல்லூரிக் கூட்டமல்ல. ஆன் ஆர்பரின் மக்கள்தொகை சுமார் 1.24 லட்சம், 1927ல் திறக்கப்பட்ட அதன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். தெருவிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பெரும்பகுதி தரைக்குக் கீழே, பள்ளத்தில் இறங்குகிறது. நான் ஊருக்குப் போன அன்றே, பெட்டியைக்கூட இறக்காமல், நண்பர் அதைத்தான் காட்டினார். நம் ஊரில் விருந்தாளிக்குக் கோயிலைக் காட்டுவதுபோல.

அன்றிரவு சாப்பாட்டின்போது வாயைக் கொடுத்தேன். "எல்லாம் சரி. உன் டீம் நிஜமாவே பெரிய டீம்தானா?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் காரில் ஓடிக்கொண்டிருந்தது. "2023 நவம்பர்ல ஆயிரமாவது வெற்றி. வேற எந்தக் காலேஜும் அதுக்கு முன்னாடி அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1902 ஜனவரி 1, முதல் ரோஸ் பௌல் ஆட்டம், ஸ்டான்போர்டை 49-0னு அடிச்சோம்."

"பாட்டன் சேர்த்த சொத்தைச் சொல்றே. நீ சம்பாதிச்சது என்ன?" என்றேன்.

பின் சீட்டிலிருந்து பதில் வந்தது. "2001லேர்ந்து 2019 வரைக்கும் எங்களை ரெண்டே தடவைதான் ஜெயிச்சாங்க அங்கிள். 2003, 2011."

"கடைசி மூணு வருஷத்தைச் சொல்லு" என்றார் அப்பா. 2021, 2022, 2023 மூன்றிலும் ஜெயித்தது மிச்சிகன். பின் சீட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஒரு மணி நேரத்துக்குள் டொலீடோ வந்தது. இந்த ஊருக்காகவே 1835ல் இரு தரப்பும் படை திரட்டின. சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் நிலம் யாருக்கு என்பது தகராறு. ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஒரு அதிகாரிக்குப் பேனாக்கத்திக் குத்து விழுந்ததுதான் பெரிய சேதம். அமெரிக்க நாடாளுமன்றம் டொலீடோவை ஒஹாயோவுக்குக் கொடுத்து, ஈடாக வடக்கே காடும் பனியுமாகக் கிடந்த நிலத்தை மிச்சிகன் தலையில் கட்டியது. ஏமாந்துவிட்டோம் என்று அழுத மிச்சிகன்காரர்களுக்கு அங்கே செம்பும் இரும்பும் கிடைத்தன. யாருக்கு லாபம் என்பதை இரு மாநிலத்தாரும் இன்றும் பேசித் தீர்க்கவில்லை.

டொலீடோவுக்குத் தெற்கே யு.எஸ். 23 நெடுஞ்சாலை ஒரே சமவெளி. சோளமும் சோயாவும் அறுத்துவிட்ட வெற்று வயல்கள், தானியக் கிடங்குகள், மறுபடி வயல்கள். சண்டைக்குத் தோதான சாலை. நான் என் பெரிய அஸ்திரத்தை எடுத்தேன். "1997ல நீங்க வாங்கினது அரை சாம்பியன் பட்டம்தானே?"

சாம்பியன் யார் என்பதை வெகுகாலம் மைதானம் முடிவு செய்யாத விளையாட்டு இது. நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள். ஆளுக்கு ஒரு டஜன் ஆட்டம்தான். நல்ல அணிகள் இரண்டு சந்திக்காமலே வருடம் முடிந்துவிடும். அதனால் பத்திரிகையாளர்கள் ஒரு பக்கமும் பயிற்சியாளர்கள் ஒரு பக்கமும் ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்தினார்கள். 1997ல் மிச்சிகன் 12 ஆட்டத்தையும் ஜெயித்தது. நெப்ராஸ்காவும் தோற்கவேயில்லை. பத்திரிகையாளர்கள் மிச்சிகன் என்றார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்கா என்றார்கள். பட்டம் இரண்டாகப் பிளந்தது. கம்ப்யூட்டர் கணக்கையும் ஓட்டுகளையும் சேர்த்து இரண்டு அணிகளைப் பொறுக்கி மோதவிடும் முறை அடுத்த வருடம்தான் வந்தது. 2014ல் அது நான்கு அணிகளாகி, 2024ல் பன்னிரண்டானது.

இதைவிடப் பழைய காயம் 1973. அந்த வருடம் இதே இரண்டு அணிகளும் 10-10 என்று சமன். ரோஸ் பௌலுக்கு யாரை அனுப்புவது? வட்டாரப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டெடுத்து ஒஹாயோவை அனுப்பினார்கள். மிச்சிகனின் முக்கிய ஆட்டக்காரருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்ததுதான் காரணம் என்று பேச்சு.

நண்பர் இவற்றையெல்லாம் அடுக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் ஓட்டினார்.

"97 ஆகஸ்ட்லதான் நான் இங்க வந்தேன். ரெண்டு மாசம் ஒருத்தரும் என்கிட்ட ஒரு வார்த்தைக்கு மேல பேசலை. நவம்பர்ல ஒஹாயோ ஆட்டம். சார்ல்ஸ் வுட்சன் பந்தை வாங்கி 78 கஜம் ஓடினான். 20-14 ஜெயிச்சோம். அன்னிக்கு ராத்திரி பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த கிழவர், முன்னபின்ன தெரியாதவர், என் தோளைப் பிடிச்சு உலுக்கினார். வீடு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தோம். அதுல பாதிப் பட்டத்தைத் திருப்பிக் கொடுன்னா எப்படிடா?"

மகள் இதை அதற்கு முன் கேட்டதில்லை போலும். ஹெட்போனைக் கழற்றியிருந்தாள்.

டெலவேர் ஊரின் சிக்னல்களில் கார் நின்று நின்று நகர்ந்தது. விட மனமில்லாமல் 2023ஐ இழுத்தேன். அந்த வருடம் மிச்சிகன் முழுச் சாம்பியன். ஆனால் மைதான ஓரத்தில் எதிரணி காட்டும் சைகைகளை முன்கூட்டியே ஆள் வைத்துப் படம் பிடித்தார்கள் என்ற புகாரில், பயிற்சியாளர் ஜிம் ஹார்பா மூன்று ஆட்டங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டார். நண்பர் மழுப்பவில்லை. "அது தப்புதான்" என்றார். "ஆனா அவர் இல்லாத அந்த மூணையும் ஜெயிச்சோம்." பிற்பாடு, 2025 ஆகஸ்டில், கல்லூரி விளையாட்டு அமைப்பு பெரும் அபராதம் போட்டது; பட்டத்தைப் பறிக்கவில்லை.

கொலம்பஸ் நெருங்கியதும் ஒரு வேடிக்கை. பல்கலைக்கழக வளாகத்துப் பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி. மிச்சிகன் வாரத்தில் அந்த எழுத்தே ஆகாதாம். நண்பர் தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

ஒலென்டாங்கி ஆற்றங்கரையில் 1922ல் எழுந்த குதிரை லாட வடிவ ஸ்டேடியத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நாங்கள் ஹை தெருவில் ஒரு ஓட்டலில், டிவி முன்னால். தரவரிசையில் ஒஹாயோ 2வது இடம்; மிச்சிகன் அதற்குள் ஐந்து ஆட்டங்களைத் தோற்றிருந்தது. 20 புள்ளி வித்தியாசத்தில் ஒஹாயோ ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கடைசி 45 வினாடி இருக்கும்போது மிச்சிகன் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. 13-10. ஓட்டலில் சாவு வீட்டு அமைதி. நண்பர் மேஜைக்கு அடியில் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார். வெளியே முகத்தில் ஒன்றுமில்லை.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. மைதான நடுவில் மிச்சிகன் ஆட்டக்காரர்கள் கொடியை நாட்டப் போக, கைகலப்பு. போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. நண்பர் எழுந்துவிட்டார். மகளின் போன் கிடைக்கவில்லை; அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போன் செய்தால் எப்படிக் கிடைக்கும்? அரை மணி நேரம் அவர் ஓட்டல் வாசலில், குளிரில், தெருவில் வந்த சிவப்பு ஸ்வெட்டர் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவள் வந்தாள். பத்திரமாகத்தான் இருந்தாள், கண் சிவந்திருந்தது அழுததால். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொப்பி எங்கப்பா? போட்டுக்கோங்க. ஜெயிச்சிட்டீங்கள்ல."

அவர் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில், அவள் இல்லாத காரில், டெலவேர் தாண்டிய பிறகுதான் எடுத்துப் போட்டார்.

கதை அதோடு முடியவில்லை. தோற்ற ஒஹாயோ, புதிய பன்னிரண்டு அணி முறையில் எட்டாவதாக உள்ளே நுழைந்து, நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டாமை 34-23 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனது. நான்கு அணி முறை நீடித்திருந்தால் வாசலிலேயே நின்றிருக்கும். "சாம்பியன் நாங்க" என்று மகள். "எங்ககிட்ட தோத்த சாம்பியன்" என்று அப்பா. இருவருமே என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். இந்த விளையாட்டில் தீர்ப்புச் சொன்ன பத்திரிகையாளர்கள், பயிற்சியாளர்கள், கம்ப்யூட்டர், கமிட்டி எவருக்கும் நல்ல பெயர் கிடைத்ததில்லை என்பதால் நழுவிவிட்டேன்.

2025 நவம்பரில் ஆன் ஆர்பரிலேயே ஒஹாயோ 27-9 என்று ஜெயித்தது. அன்று எனக்குப் போன் வந்தது. நண்பர்தான்.

"அவ இன்னும் கூப்பிடலைடா" என்றார். "லைன்ல வர்றதுக்குள்ள, அந்த நாலு வருஷக் கணக்கை எல்லாம் ஒருதடவை சொல்லு, சரி பார்த்துக்கறேன்."