எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?

உத்தமபாளையம் நீதிமன்றத்தில் எல்லைத் தகராறு வழக்கு நடத்திய வக்கீல் யாராக இருந்தாலும், சர்வேயரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எந்தக் கல்லிலிருந்து அளந்தீர்கள்?" நீதிமன்றம் அனுப்பிய ஆணையரின் அறிக்கையில் அளவெல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் தொடங்கிய கல் யாரோ பெயர்த்து நட்ட கல் என்றால் அத்தனையும் வீண். சின்னமனூர்ப் பக்கத்து வயல் வழக்குகள் பல இந்த இடத்தில்தான் திசை மாறியிருக்கின்றன.

அதனால்தான், நான் வாதாடாத பொட்டிப்புரம் நியூட்ரினோ வழக்கை விடாமல் கவனித்தேன். அம்பரப்பர் மலையைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய ஏறக்குறைய 50,000 டன் இரும்பில் கருவி அமைக்கும் திட்டம் அது. 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்துப் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2017 மார்ச் 20 அன்று தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. ஆய்வறிக்கை தயாரித்தவர்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது முதலிய குறைகளும் பேசப்பட்டன. என் மனதில் தங்கியது வேறொன்று: கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருக்கிறது, விதிப்படி ஐந்துக்குள் வந்தால் கடுமையான பரிசீலனை வேண்டும்.

வித்தியாசம் நூறு மீட்டர். சுரங்க வாயிலிலிருந்து அளப்பதா, மலைக்குள் இருக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்தா, வேலியிலிருந்தா? இரண்டு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு அது சின்னக் கேள்வி இல்லை. போதாததற்கு, விதியில் முன்பு பத்து கிலோமீட்டர் என்று இருந்ததை 2014இல்தான் ஐந்தாகக் குறைத்தார்கள். பூங்கா நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது.

விஞ்ஞானிகள் எந்த அளவையும் அதன் பிழை வரம்போடு சேர்த்தே சொல்வார்கள். திட்டத்துக்கு அனுமதி கிடைத்த அதே 2011இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலிக்கு, சுமார் 730 கிலோமீட்டர் போன நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஓபரா குழு அறிவித்தது. எத்தனை முறை அளந்தாலும் அதே விடைதான் வந்தது. கடைசியில் ஓர் ஒளியிழை இணைப்பு சரியாகப் பொருந்தாததே முக்கியக் காரணம் என்று தெரிந்து, 2012இல் அவர்களே அதைச் சொன்னார்கள். சட்டத்தின் ஐந்து கிலோமீட்டருக்கு அப்படியொரு வரம்பு கிடையாது. உள்ளே, அல்லது வெளியே. கோட்டை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் திட்டத்துக்கான சுமார் 27 ஹெக்டேர் புறம்போக்குக்கு வேலி வந்தபோது, மேய்ச்சல் போகுமே என்று கவலைப்பட்டவர்களின் பேச்சு இந்தக் கணக்கு எதிலும் ஏறவில்லை. அதை அளக்க விதியில் இடமில்லை.

2018இல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்று, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. புலிகளின் வழித்தடமான இந்த மலையில் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழக அரசு அங்கே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.