அப்புறம் வாங்க ஆயா

2023 செப்டம்பர் 30, சனிக்கிழமை. காலாண்டு விடுமுறை. சித்தேரி மலையில் நான் குடியிருந்த வீட்டுத் திண்ணைக்கு ஓர் ஆயா வந்தார். கையில் நாலாக மடித்த அன்றைய செய்தித்தாள். அரூரிலிருந்து ஏறி வந்த காலை பஸ்ஸில் யாரோ கொடுத்தனுப்பியிருந்தார்கள். “சாரு, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கேசு முடிஞ்சிடுச்சின்றாங்க” என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்புறம் வாங்க ஆயா” என்றேன். என் மடியில் ஆங்கில நாவல் ஒன்று விரிந்து கிடந்தது. மூன்று புத்தகங்கள் கொண்ட வரிசையில் அது மூன்றாவது.

அவர் உடனே போகவில்லை. திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரம் இருந்திருப்பார். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். செருப்புச் சத்தம் கேட்டது. அப்போதும் நான் கூப்பிடவில்லை.

நான் செய்த தப்பு இது. இரண்டு வருஷம் சித்தேரியில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஒருவன் செய்தது. அன்று நான் எதில் மூழ்கியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தப்பின் அளவு தெரியும்.

சூசன் காலின்ஸ் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008இல் வந்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் ‘கேட்சிங் ஃபயர்’, ‘மாக்கிங்ஜே’. அமெரிக்கா அழிந்துபோன ஒரு வருங்காலத்தில் பானெம் என்றொரு நாடு. நடுவில் செழிப்பான தலைநகரம், அதற்கு உழைத்துக் கொட்டப் பன்னிரண்டு மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டமும் வருஷத்துக்கு ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். இருபத்து நான்கு பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்வதைத் தலைநகரம் டிவியில் பார்த்து ரசிக்கும். பன்னிரண்டாம் மாவட்டத்துப் பெண் காட்னிஸ். சுரங்கத்தில் அப்பா செத்த பிறகு, கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து காட்டுக்குள் போய், வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் அம்மாவுக்கும் தங்கைக்கும் சோறு போடுகிறாள். அவள் பெயரே ஒரு கிழங்குச் செடியின் பெயர். அந்த வேலியைத் தாண்டுவது குற்றம். இரண்டாம் புத்தகத்தில் அவள் நண்பன் கேல் ஒரு வான்கோழியோடு பிடிபடுகிறான். நடுச்சந்தையில் கட்டிவைத்து முதுகு கிழியச் சாட்டையால் அடிக்கிறார்கள். மூன்றாம் புத்தகம் தொடங்கும்போது அவளுடைய ஊர் எரிந்து சாம்பலாகிக் கிடக்கிறது. எலும்புகளுக்கு நடுவே நிற்கிறாள். அந்தப் பக்கங்களில் நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

இந்தக் கதையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் தமிழில் சொல்லிவந்தேன். கண் இமைக்காமல் கேட்டார்கள். கேலைச் சாட்டையால் அடித்த இடத்தில் ஒரு பையன் எழுந்து, “அடிக்கிறவங்க பாரஸ்ட்காரங்களா சார்?” என்றான். இல்லை, அவர்கள் அந்த அரசாங்கத்தின் காவல்காரர்கள் என்றேன். “காட்டுக்குள்ள போனதுக்குத்தானே சார் அடிக்கிறாங்க? அப்ப பாரஸ்ட்காரங்கதான்” என்றான். வகுப்பில் பாதித் தலைகள் ஆமாம் என்று ஆடின. நான் என்ன செய்தேன்? “இது அமெரிக்காவில் நடக்கிற கதைடா, வருங்காலத்தில் நடக்கிறது, உட்கார்” என்றேன். அந்தப் பையனுக்கு என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்திருந்தது.

ஆயா வந்துபோன அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் புத்தகத்தை முடித்தேன். நெஞ்சு கனத்துப்போய் டீ குடிக்கக் கடைக்குப் போனேன். கடைப் பெஞ்சில் அதே செய்தித்தாள். வாச்சாத்தி வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு. ஆயா கொண்டுவந்தது இதைத்தான்.

வாச்சாத்தி எங்கோ இல்லை. சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே வாழ்பவர்களும் எங்கள் மலையில் வாழ்கிற அதே மலையாளிப் பழங்குடியினர்தான். மேலே இருப்பவர்கள் கீழே பெண் கொடுத்ததும் எடுத்ததும் உண்டு. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டிவைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்ச்சி செய்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் பள்ளிக்கூடத்துச் சிறுமியும் உண்டு. வீடுகளைச் சூறையாடி, ஆடுமாடுகளைக் கொன்று, கிணற்றைப் பாழாக்கினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள். ஊர் காலியானது.

பன்னிரண்டாம் மாவட்டத்தை எரிக்கக் காலின்ஸுக்கு விமானங்களும் குண்டுகளும் தேவைப்பட்டன. வாச்சாத்திக்கு லாரியும் லத்தியும் போதுமாக இருந்தன.

தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால் 1995இல் உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார். அந்த மார்ச்சில் நான் மேலேதான் இருந்தேன். மலை இறங்கினால் ஊர். போகவில்லை. கேள்விப்பட்டேனா என்பதுகூட நினைவில்லை. 2023 செப்டம்பர் 29, மறுபடியும் அதே தேதி, அவர் தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கலாம் என்றும் சொன்னார்.

நாவலில் மூன்று புத்தகங்களுக்குள் சர்வாதிகாரி ஒழிந்துவிடுகிறான். இங்கே அந்தப் பெண்கள் 31 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். யார் செய்தது என்று அடையாளம் காட்டச் சொன்னபோது காட்டினார்கள். காட்னிஸின் துணிச்சலைப் பற்றிப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசத் தெரிந்த எனக்கு இவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூடத் தெரியாது.

தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. வாச்சாத்தி என்ற பெயர் காதில் விழுந்திருந்தது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களைச் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக் கொன்றார்களே, அதில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள் என்பதும் காதில் விழுந்திருந்தது. காட்டையும் துப்பாக்கியையும் பற்றிச் சித்தேரியில் யார் பேச ஆரம்பித்தாலும் நான் மெல்ல நகர்ந்துவிடுவேன். வேலைக்கு வந்த இடத்தில் வம்பு எதற்கு என்ற எண்ணம். புத்தகத்துக்குள் அழுவதில் எந்த வம்பும் இல்லை. டிவியில் ஒரு சேனலில் போட்டி நிகழ்ச்சியும் இன்னொரு சேனலில் ஈராக் போரும் மாறி மாறி ஓடியதைப் பார்த்தபோதுதான் இந்தக் கதை தோன்றியது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நான் ஒன்றைப் பார்ப்பதற்காக இன்னொன்றை அணைத்தேன்.

மறுநாளே ஆயாவைத் தேடிப் போயிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். அவர் ஊர் சித்தேரியிலிருந்து ஒரு மணி நேர நடை. சாமைக் காட்டு ஓரமாகப் பாதை. வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பாயை விரித்தார். செய்தித்தாளைப் படித்துச் சொல்ல வந்தேன் என்றேன்.

“அது ஆச்சு சாரு. உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளதான் படிச்சுச் சொல்லுச்சு. ரெண்டு எடத்துல நிறுத்திடுச்சு. நான்தான் மேல படி கண்ணுன்னேன்” என்றார்.

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். என் எட்டாம் வகுப்பு மாணவி, முதல் பெஞ்சுக்காரி. எந்த இரண்டு இடங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன். அவரும் அவர் வீட்டு ஆட்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த வார்த்தைகளை வாய்விட்டுப் படித்திருக்கிறாள். படிக்க வேண்டியவன் அன்று திண்ணையில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

ஆயாவின் தங்கை வாச்சாத்தியில் வாழ்க்கைப்பட்டவர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. என் மேல் கோபப்படவும் இல்லை. குடிக்க மோர் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரிடம், “அன்னிக்கு நான் உங்களை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது ஆயா” என்றேன். “வேலையா இருந்தீங்க, பரவால்ல சாரு” என்றார். நான் வேலையாக இல்லை. அதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த மாணவி எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் படிக்கக் கீழே போய்விட்டாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.