மஞ்சள் விளக்கு

எச்சரிப்பவரை வெறுப்பது மனித இயல்பு. எச்சரிப்பது உயிரற்ற விளக்காயினும் அவ்வெறுப்புக் குறைவதில்லை. பணி ஓய்வு பெற்றுத் தாப்பாவில் வாழும் தமிழாசிரியர் ஒருவர், தம் பழைய நான்கு சக்கர இயக்க வண்டியின் முகப்பில் எரிந்த மஞ்சள் விளக்கைப் பல வாரங்கள் அவ்வாறே வெறுத்து வந்தார். வண்டி ஓடிற்று, பிரேக்கும் பிடித்தது. பிறகென்ன கவலை என்று இருந்துவிட்டார்.

ஒரு மாலை, மனைவியுடன் கேமரன் மலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தார். மழை விட்டிருந்தும் சாலை காயவில்லை. வளைவில் மரக்கிளை ஒன்று முறிந்து கிடந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. திருப்பிய பக்கம் திரும்பாமல் வழுக்கிச் சென்று, சாலையோரத் தடுப்புக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த விளக்கை மட்டும் பார்த்தார்.

அது ஏ.பி.எஸ். விளக்கு. பிரேக்கை மிதிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி ஓட்டுநருக்கு அடங்காது. அதனைத் தடுக்கப் பிறந்ததே இவ்வமைப்பு. 1978ஆம் ஆண்டில் போஷ் நிறுவனத்தின் மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் இடம்பெற்றது. பின்னர் உலகெங்கும் பரவியது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தின் அருகிலிருந்து ஓர் உணரி வேகத்தை அளக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை அறிந்தவுடன், கட்டுப்பாட்டுக் கருவி அதன் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும். உணரியின் செய்தி வாராவிடில், அமைப்பு தானே விலகிக்கொண்டு மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும். வழக்கமான பிரேக் இருக்கும், காவல் இராது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டியை ஓட்டவே கூடாது.

முதற் பட்டறையில், கருவி முழுவதையும் மாற்ற நாலாயிரம் வெள்ளி கேட்டனர். இரண்டாம் பட்டறையில், விளக்கைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றனர். மனைவியின் பார்வை நினைவில் எழ, ஆசிரியர் அதற்கு இசையவில்லை. தம் பழைய மாணவர் நடத்தும் சிறு பட்டறைக்குச் சென்றார்.

"ஐயா, மாற்றுவது கடைசி வேலை. முதலில் காரணத்தைப் பார்ப்போம்" என்றார் மாணவர்.

பிரேக் எண்ணெயின் அளவையும் பியூசையும் பார்த்தார், குறையில்லை. ஸ்கேனரைப் பொருத்தினார். எஞ்சின் பிழைகளை மட்டும் படிக்கும் மலிவான கருவி இதற்கு உதவாது என்றும் விளக்கினார். பிழைக்குறி இடப்புற முன்சக்கரத்தைச் சுட்டியது. "குறி இடத்தைக் காட்டும், ஐயா, குற்றவாளியைக் காட்டாது" என்று சொல்லி, வண்டியை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினார்.

உணரியின் காந்த முனையில் சேறும் இரும்புத் தூளும் அப்பியிருந்தன, துடைத்தார். பல் வளையத்தில் விரிசல் இல்லை, பேரிங்கில் ஆட்டமில்லை. அது பழைய சுருள் வகை உணரியாதலால், மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தார். வலப்புறத்தில் 1,200 ஓம். இடப்புறத்திலும் ஏறக்குறைய அதுவே. பின்னர்க் கம்பியை மெல்ல வளைத்தார், அளவு மறைந்தது. விட்டார், மீண்டது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை கெடாமலே உள்ளே கம்பி முறிந்திருந்தது!

கம்பியோடு கூடிய புதிய உணரிக்கு 150 வெள்ளி. குறியை அழித்து, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிச் சோதித்தனர். சிறிது தூரத்தில் விளக்கு அணைந்தது.

மாணவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து நழுவிய தடித்த கண்ணாடியை மேலேற்றினார். ஆசிரியர் அதையே பார்த்திருந்தார். மூன்றாம் ஆண்டு வகுப்பில் இவர் கரும்பலகையைப் பார்த்து எழுதத் தவறிய போதெல்லாம், 'மந்தம்' என்று அறிக்கையில் குறித்துக் கடைசி வரிசைக்கு அனுப்பியவர் அவர்தாம். பார்வைக் குறை என்பது மறு ஆண்டில்தான், வேறோர் ஆசிரியரால் தெரியவந்தது.

"எவ்வளவு தரவேண்டும், தம்பி?" என்றார்.

"உணரிக்கு மட்டும் தாருங்கள், ஐயா."

ஆசிரியர் கூலியையும் சேர்த்து அவர் கையில் வைத்தார். அறிக்கையில் எழுதிய அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவரால் எதுவும் கொடுக்க இயலவில்லை.