ஒரு முட்டி, இரண்டு பாட்டில்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் அழுதபோது தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம், பாதிதான் காதில் விழுந்தது. "ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு தீசிஸா? இது கதைம்மா, ஆராய்ச்சி இல்லை" என்றாராமே உன் கைடு. அதில் பாதி தப்பு, பாதி சரி.

உன் சித்தப்பாவையே எடுத்துக்கொள். மாதாமாதம் 14 கிலோமீட்டர் நடக்கிறார். நிருதி லிங்கம் வரும்போதே முட்டி முனக ஆரம்பித்துவிடும். மறுநாள் தைலம் தடவுவார், நாலாம் நாள் வலி பாதியாகும். "பார்த்தியா, தைலம்!" என்பார். வலி உச்சத்தில் இருக்கும்போது எதைத் தடவினாலும் அது இறங்கத்தானே செய்யும்?

காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்தேன். தினமும் காபிக்கு முன்னால் வலிக்கு பத்துக்குள் ஓர் எண், மாடிப்படி ஏற எத்தனை வினாடி, இரண்டையும் பின்பக்கம் எழுதினேன். முதல் பௌர்ணமிக்கு ஒன்றும் தடவக் கூடாது என்றேன், மனுஷன் முறைத்தார். அப்புறம் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்: ஒன்றில் தைலம், இன்னொன்றில் வெறும் நல்லெண்ணெய், வாசத்துக்கு மட்டும் இரண்டு சொட்டு தைலம். எந்த மாதம் எது என்பதை, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போல வெள்ளைப் பூ, சிவப்புப் பூப் பொட்டலம் போட்டு, பக்கத்து வீட்டுப் பெண் எடுப்பாள். பாட்டிலையும் அவளே கொடுப்பாள். எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆறு மாதம் ஓடியது. தைல மாதம், எண்ணெய் மாதம், சும்மா இருந்த மாதம், மூன்றிலும் கோடு ஒரே மாதிரிதான் இறங்கியது.

1986-ல் கனடாவின் மெக்மாஸ்டரில் கார்டன் கயாட்டும் சகாக்களும் ஓர் ஆஸ்துமாக்காரரை வைத்து இதைத்தான் செய்தார்கள். தியோஃபிலினையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தியோஃபிலின் சாப்பிட்டபோதுதான் அவருக்கு மூச்சு மோசமாக இருந்தது. ஒரே ஆள்தான், ஆனாலும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது.

உன் பக்கவாத நோயாளிக்கு நீ வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி யாருடையது? நம் ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனுடையது. கையை இழந்த ஒருவருக்குப் பத்து வருஷமாக அந்த இல்லாத கை விறைத்துக் கிடப்பது போலவே இருந்தது. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் அந்த இல்லாத கை அசைந்தது. கண்ணை மூடச் சொன்னார், உறைந்துபோனது. திறந்ததும் மறுபடி அசைந்தது. ஏ-பி-ஏ-பி என்று பாடத்தில் படிக்கிறாயே, அது இவ்வளவுதான். அந்த ஆளுக்கு அந்த ஆளே ஒப்பீடு. பேசும் பன்றி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் 'இன்னொரு பன்றி எங்கே' என்றா கேட்பாய் என்பது ராமச்சந்திரனின் வாதம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. நம்மிடம் வருகிறவர்கள் ஒரே நாளில் பேச ஆரம்பிக்கிறவர்கள் இல்லை, துளித்துளியாகத் தேறுகிறவர்கள்.

உன் கைடு சொன்னதில் சரியான பாதி இங்கேதான் வருகிறது. பக்கவாதம் வந்து முதல் மூன்று மாதம் கை தானாகவே கொஞ்சம் திரும்பும். கண்ணாடி வைப்பதற்கு முன் உன் நோயாளி அம்மாவின் கைப்பிடியை எத்தனை நாள் அளந்தாய்? ஒரே நாள் என்றால் அவர் சொன்னது நியாயம். ஐந்து அளவாவது வேண்டும், அதுவும் கோடு மேலே ஏறாமல் நிற்க வேண்டும்.

கண்ணாடியை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்பாய். பிரயோஜனமில்லை, கை கற்றுக்கொண்டதை மறக்காது, மறக்க வேண்டும் என்று நாம் விரும்பவும் கூடாது. சித்தப்பாவுக்குத் தொடைப் பயிற்சி கொடுத்தபோது எனக்கும் அதே சிக்கல் வந்தது. வலது காலுக்கு முதலில், மூன்று வாரம் கழித்து இடதுக்கு என்று தொடங்கினேன். வலது தேறியதும் இடதின் சுமை குறைந்து அதுவும் சும்மாவே கொஞ்சம் தேறிவிட்டது! ஒரே உடம்பின் இரண்டு கால் அப்படித்தான். நீ இன்னும் இரண்டு பேரைத் தேடு. மூவரையும் ஒரே நாளில் அளக்கத் தொடங்கு. ஒருவருக்கு 5 நாள் கழித்து, அடுத்தவருக்கு 8, மூன்றாமவருக்கு 11 நாள் கழித்துக் கண்ணாடி வை. மூவருக்கும் கண்ணாடி வந்த பிறகுதான் கோடு எழும்பினால், அந்தப் படத்தை கைடு மேஜையில் வை.

இன்றைக்கு சித்தப்பாவுக்கு எண் 7. தைலம் தீர்ந்துவிட்டது, நீ வரும்போது ஒன்று வாங்கிவரச் சொன்னார். அத்தனை காலண்டர் தாளையும் எடுத்து முன்னால் போட்டேன். "அது இருக்கட்டும், தைலத்தை மறந்துடப் போறா" என்கிறார்.

அன்புடன்,
சித்தி