அருணாசல மலைகளில் அலுமினியத் தடம்

திப்ருகரில் கிளம்பும் வண்டி போகிபீல் பாலத்தில் ஏறி, கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் தூரம் பிரம்மபுத்திராவின் மேலேயே ஓடி வடகரையில் இறங்குகிறது. ருக்சின் சோதனைச்சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டினால் அருணாசலப் பிரதேசம். சியாங் ஆற்றங்கரையில் இருக்கும் பாசிகாட்டுக்கு வருகிறவர்களில் பலர் ஆற்றையும் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சிலர் மட்டும், அந்த மலைகளுக்குள் எண்பது ஆண்டுகளாக நொறுங்கிக் கிடக்கும் அமெரிக்க விமானங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் தரைவழி அடைபட்டது. பெட்ரோல், வெடிமருந்து, மருந்துப் பெட்டி எல்லாம் அசாமிலிருந்து குன்மிங்குக்கு வான்வழியாகவே போக வேண்டியிருந்தது. சாபுவா, தின்ஜான், மோகன்பாரி என்று தேயிலைத் தோட்டங்களின் பக்கத்தில் ஓடுபாதைகள் எழுந்தன. 1945இல் பணி முடிவதற்குள் சுமார் 6,50,000 டன் சரக்கு மலைகளைத் தாண்டிவிட்டது. அதற்குக் கொடுத்த விலை ஏறத்தாழ 600 விமானங்கள், 1,500க்கும் மேற்பட்ட உயிர்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது எதிரியின் துப்பாக்கி அல்ல, வானிலை. இறக்கைகளில் பனி உறைந்து விமானம் கனத்துப்போகும். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று, மேகத்துக்குள் பாதையை மாற்றிவிடும். வரைபடங்களை நம்ப முடியாது. மேகம் விலகிய நாட்களில், முன்னே போனவர்களின் சிதைவுகள் கீழே மின்னுவது தெரியும். விமானிகள் அதை அலுமினியத் தடம் என்றார்கள். அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே மறுநாளும் பறந்தார்கள்.

விழுந்தவற்றை முதலில் கண்டவர்கள் வேட்டைக்குப் போன மலைவாசிகள்தான். இரும்பும் அலுமினியமும் எளிதில் கிடைக்காத ஊர்களுக்கு அந்தத் தகடுகள் பெரும் பொருள். தட்டி வளைத்துப் பாத்திரமாக்கினார்கள், வீட்டுக்குப் பயன்படுத்தினார்கள். இதைச் சூறையாடல் என்று சொல்வது அநியாயம். போர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அவர்கள் காட்டில் வந்து விழவில்லை. இன்று பாசிகாட்டில், 'ஹம்ப்' என்று அழைக்கப்பட்ட அந்த வான்வழியின் பெயரில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் ஆக்சிஜன் உருளைகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் விமான உடற்பகுதிகளும் வரிசையாக இருக்கின்றன. காடு தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கூடவே நடந்து வழிகாட்டாமல் இவற்றில் எதுவும் அங்கே வந்திருக்காது.

அந்தத் துண்டுகளில் மிக மதிப்புள்ளது பார்வைக்குச் சாதாரணமானது: எண் பொறித்த சிறு தகடு. விமானம் திரும்பாதபோது அமெரிக்க விமானப் படை ஓர் அறிக்கை எழுதிவைத்தது. அதில் விமானத்தின் எண்ணோடு இன்ஜின்களின் எண்களும் துப்பாக்கிகளின் எண்களும் இருக்கும், கூடவே விமானத்தில் இருந்தவர்களின் பெயர்களும். ஆகவே வால்பகுதி எரிந்துபோயிருந்தாலும் புதருக்குள் கிடக்கும் ஒரு துப்பாக்கியின் எண் போதும். அந்த எண்ணை அறிக்கையில் தேடிப் பிடித்தால், எந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே விழுந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குக் கிளம்பிய 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24 விமானம் எட்டுப் பேரோடு காணாமல் போனது. அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் 2006இல் மேல் சியாங் பகுதியில், தம்ரோ கிராமத்துக்கு அப்பாலுள்ள மலையில் அதைக் கண்டுபிடித்தார். பிறகு அமெரிக்க அரசின் குழு வந்து தேடியது. அங்கே கிடைத்த எலும்புகள் 2016இல் டெல்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டன. அவற்றிலிருந்து, அந்த விமானத்தில் இருந்த லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு அடையாளம் காணப்பட்டு, 2017 ஜூனில் ஜார்ஜியாவிலுள்ள சொந்த ஊரான கான்கார்டில் அடக்கம் செய்யப்பட்டார். விழுந்து எழுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

இதை அறிந்தபின் ஒரு துண்டை நினைவுப்பொருளாகப் பைக்குள் போட்டுக்கொள்ளக் கை வராது. எங்கே கிடந்தது, எதன் பக்கத்தில் கிடந்தது என்பது அழிந்துவிட்டால், அருகே மண்ணுக்குள் இருக்கும் எலும்பைத் தேட வழியில்லை. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்த ராணுவ விமானத்தை உரிமம் வாங்காமல் தோண்டுவது குற்றம். அப்படிப்பட்ட கண்டிப்பு இந்த மலைகளுக்கும் வேண்டும். பாதுகாப்புக்காகவும்தான்: அந்தச் சிதைவுகளில் வெடிக்காத தோட்டாக்கள் இருக்கலாம்.

தேடிப் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிர்க்க வேண்டும். செங்குத்தான ஏற்றம், அட்டை, மூங்கில் புதர், சட்டென்று மூடும் மேகம் எல்லாம் உண்டு. ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, வழி தெரிந்தவரை அழைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். தகடு ஏதேனும் கண்ணில் பட்டால் எடுக்காமல், எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அந்த விவரங்களைப் பாசிகாட்டு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடலாம்.